இரண்டு சம்பந்திக்கு ஒரு மைக் பாயிண்ட்

திண்டிவனத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, பொதுக்கூட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் நான் வசமாக மாட்டிக்கொண்டது கெடார் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்தில்தான்.

அன்று பல மைக்குகளைச் சேர்த்துக் கொடுக்கும் மிக்ஸர் மயிலத்தில் வேறொரு விசேஷத்துக்குப் போயிருந்தது. கையிலிருந்த ஆம்ப்ளிஃபையரில் ஒரே ஒரு மைக் பாயிண்ட்தான் வேலை செய்தது. பெண்ணின் அப்பா தனகோட்டிக்கும் மாப்பிள்ளையின் அப்பா ராஜவேலுவுக்கும் ஆளுக்கொரு மைக் வேண்டுமாம். இரண்டு மைக் ஒயரையும் ஒன்றாக முறுக்கி, ஒரே ஜாக்கில் பற்றவைத்தேன். டெஸ்ட் பண்ணினேன். இரண்டும் கணீரென்று கேட்டன.

தனகோட்டி எல்லோரையும் வரவேற்றுப் பேசினார். "இப்ப நீங்க பேசுங்க சம்பந்தி" என்று மரியாதையாகத் தன் மைக்கை ஆஃப் செய்தார். ராஜவேலு வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

"என்னாங்க, நான் பேசறப்ப மட்டும் லைனை கட் பண்றீங்க?" என்று கத்திவிட்டு அவரும் ஆஃப் செய்தார். தனகோட்டி பதறிப்போய்த் தன் மைக்கை ஆன் செய்தார். அதுவும் ஊமை.

"பாத்தீங்களா, பதிலுக்குப் பதில் பண்றாரு!" என்றார் தனகோட்டி.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "தட்டைத் தூக்குங்க, கெளம்பலாம்!"

பெண் அழத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மைக்குகளில் ஸ்விட்சை அணைத்தால் சிக்னல் எர்த்தோடு சேர்ந்துவிடும். ஒயரை ஒன்றாக முறுக்கியிருந்ததால் ஒன்றை அணைத்தால் இரண்டும் செத்துவிடும். மேடைக்கு ஓடினேன்.

"சண்டை வேணாங்க! தப்பு என்னுது. ரெண்டு பேரும் ஆன்லயே வெச்சிக்கினு பேசுங்க!"

ஆன் செய்தார்கள். சத்தம் வந்தது. லக்கினப் பத்திரிகையை வாசித்து முடித்தார்கள். நான் பெருமூச்சு விட்டேன்.

ராஜவேலு மைக்கை நெஞ்சோடு பிடித்தபடி மனைவி பக்கம் சாய்ந்தார். "டிபனுக்கு ஊத்துனது சாம்பாரா அது? வெறுந்தண்ணி. பொண்ணு தங்கமா இருக்குதேன்னு பொறுத்துக்கினு இருக்கேன்."

நான்கு ஹாரன் ஸ்பீக்கர்களும் அதை ஊர்க்கோடியில் கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை வரைக்கும் கொண்டுபோயின. பந்தலே தனகோட்டியைத் திரும்பிப் பார்த்தது. தனகோட்டி நிதானமாக மைக்கைத் தூக்கினார்.

"சம்பந்தி, சமையலுக்கு ஆளை இட்டாந்தது உங்க மச்சான்தான்."

தட்டைத் தூக்கச் சொன்ன தாய்மாமன்தான் அந்த மச்சான். அவர் மடித்த வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். முதலில் சிரித்தது அழுதுகொண்டிருந்த பெண். பிறகு பந்தலே சிரித்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். ஒரே பாயிண்டில் இரண்டு மைக் கொடுக்க வேண்டி வந்தால் ஒயரை வெறுமனே முறுக்காதீர்கள். ஒவ்வொரு மைக்கின் சிக்னல் ஒயரிலும் ஒரு பத்து கே, அதாவது பத்தாயிரம் ஓம், ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்து, அதற்குப் பிறகு சேருங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், வால்யூமை ஏற்றிக்கொள்ளலாம். ஒருவர் அணைத்தாலும் மற்றவர் பேசலாம்.

கல்யாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ரெசிஸ்டர் எல்லாம் வைத்துத் தயாராக இருந்தேன். இரண்டு சம்பந்தியும் தனித்தனியாக ஃபோன் செய்து சொன்னது ஒன்றேதான்: "எனக்கு மட்டும் மைக்கு குடு. அவருக்கு வேணாம்."