சும்மா நின்ற லைன்

என் உத்தியோக காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, ஒரு வேலையும் செய்யாமல் நின்ற ஒரு மின்சார லைன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரி, "இனம் இனத்தோட சேருது" என்பாள்.

எண்பதுகளில் திருத்தணிக்கு வெளியே, கே.ஜி.கண்டிகை பஸ் போகிற ரோட்டோரத்து சப்-ஸ்டேஷனில் நான் ஆபரேட்டர். எங்கள் யார்டுக்கு இரண்டு லைன்கள் வந்தன. ஒன்று ஊருக்கும், சுற்றுப்பட்டிகளுக்கும், ஆர்.கே.பேட்டை விசைத்தறிகளுக்கும் சோறு போட்டது. இன்னொன்று எங்களைத் தொட்டுவிட்டு, வயலும் ஏரியும் தாண்டி, கடலோரத்தில் புதிதாக வந்திருந்த அணுமின் நிலையத்துக்குப் போனது. அதில் மின்சாரம் எப்போதும் இருக்கும். ஆனால் யாரும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. அணு உலைக்கு வேறு லைன் இருந்தது. அது விழுந்தால், அதாவது அதில் மின்சாரம் போனால்தான் இது.

மின்சாரம் பண்ணுகிற இடத்துக்கு நாம் எதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. விளக்கிச் சொன்னது ஒரு குரல். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த லைன் வழியாகவே ஓடுகிற போனில், அணுமின் நிலையத்து யார்டிலிருந்து ஒரு பையன் கூப்பிடுவான். தென்பாண்டிப் பக்கத்துக்காரன், வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை. முகம் பார்த்ததில்லை.

"அடுப்பை அணைச்சாலும் குண்டான் உடனே ஆறாதுல்லாண்ணே? உலையும் அப்படித்தான். நின்னாலும் சூடு போகாது, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். பம்புக்குக் கரண்டு வேணும். அன்னிக்கு நாங்கதான் வெளியே கையேந்தணும்."

அதிலிருந்து அந்த லைனை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானத்தில் யார்டு கும்மென்று ரீங்கரிக்கும். மலைமேல் கோபுரம் வெயிலில் மிதக்கும். கண் பாதி சொருகி உட்கார்ந்திருப்பேன். லைன் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும், நானும் கூடவே போவேன், நான் அதுவரை பார்த்திராத கடல் வரைக்கும். ஆறு மணிக்கு போன் அடித்தால் அவன் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் கேட்கும். அது வெறும் லைன் இரைச்சல் என்று தெரியும். அலை என்றே வைத்துக்கொண்டேன்.

"எவ்வளவுண்ணே இருக்கு?"

"நூத்திப்பத்து இருக்குதுபா."

அதாவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட். என் மேஜையிலிருந்து மீட்டர் பத்தடி தூரம். எழுந்து பார்த்துச் சொன்ன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நூற்றுப்பத்து இருக்க வேண்டிய லைன் நூற்றுப்பத்துதான் இருக்கும் என்பது என் எண்ணம். அவனும் நான் சொன்னதை ஒரு கட்டத்திலும், தன் மீட்டர் காட்டுவதை அடுத்த கட்டத்திலும் எழுதிக்கொள்வான். ஒன்றிரண்டு வித்தியாசத்தை யாரும் கேட்டதில்லை.

எங்கள் சப்-ஸ்டேஷனில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலையிலும் சரவணப் பொய்கையிலும் சீரியல் லைட் போட்டு ஊரே ஜொலிக்கும். எங்கள் லைன் தாங்காது. அதனால் ஊருக்குப் போகிற மின்சாரப் பாரத்தில் பாதியை அந்தச் சும்மா நிற்கிற லைனில் ஏற்றிவிடுவோம். லைன் இழுத்து, அணு உலை ஓடத் தொடங்குவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். அப்போது அதைக் கேட்க ஆளில்லை. பிறகு தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் அந்த உத்தரவு முருகனுக்கும் சேர்த்துத்தான் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் சுவிட்சைத் திருப்பியது நான். வாசலில் பூக்காவடிகள் போய்க்கொண்டிருந்தன. சாமந்தி வாசனையும் அரோகராவும் கன்ட்ரோல் ரூமுக்குள் வந்துவிட்டன. பொய்கைத் தண்ணீரில் தெப்பத்து விளக்குகள் ஆடுவதை மனசிலேயே பார்த்துக்கொண்டு, சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு போன் வந்தது.

"நூத்திப்பத்துபா."

"இங்க நூத்திரெண்டுதான்ணே காட்டுது."

"உன் மீட்டர் கோளாறா இருக்கும்பா. பாரு."

"சரிண்ணே" என்று போனை வைத்துவிட்டான். நான் புத்தகத்தில் நூற்றுப்பத்து, பாரம் இல்லை என்று எழுதினேன். விடியும் முன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டோம்.

புரட்டாசியில், தூறல் விழுந்த ஒரு காலையில், அணு உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கிற பிரிவிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பம்பாயில் ரொம்ப வருடம் இருந்ததால் தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பலாமா என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் உலை தொடர்ந்து ஓடலாமாம். என் புத்தகத்தையும் பையனின் புத்தகத்தையும் மேஜையில் அருகருகே வைத்தார். இரண்டு புத்தகத்திலும் ஆடிக் கிருத்திகை பக்கத்தைத் திறந்தார்.

"அங்கே அவர் நூற்றிரண்டு எழுதியிருக்கிறார். நீங்கள் நூற்றுப்பத்து. அவர் மீட்டரைச் சோதித்துவிட்டோம், சரியாக இருக்கிறது. பாரம் இல்லாத லைனில் எட்டு குறைய வழியில்லை. நீங்களோ இருபது வருட சர்வீஸ். அவர் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்க்காமல் எழுதுகிறவரை அங்கே நிரந்தரமாக்க முடியாது."

எங்கள் ஃபோர்மன் பின்னால் வந்து டீ கொடுக்கிற சாக்கில் குனிந்தார்.

"கம்முனு இருபா. சாமி காரியம். நம்மள எவனும் கேக்க மாட்டான்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியே லைனைப் பார்த்தேன். நனைந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் நின்றிருந்தது. இருபது வருட சர்வீஸில் பார்க்காமல் எழுதுகிறவன் யார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, என்மேல்தான்.

"சார், அவன் எழுதினதுதான் நெசம். அன்னிக்கு ஊர் லோடை நான் அந்த லைன்ல ஏத்திட்டேன். மீட்டர நான்தான் பாக்கல."

ஃபோர்மன் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதிகாரி என் புத்தகத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சாமிக்கு விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். எடுத்ததை எழுதியிருக்கலாம். அன்று சாயங்காலம் அங்கே உலை நின்று, மற்ற லைனும் விழுந்திருந்தால், இந்தப் புத்தகத்தை நம்பித்தான் அவர்கள் உங்களிடம் கையேந்தியிருப்பார்கள்."

எனக்கு மெமோ கொடுத்தார்கள். சுவிட்சுக்குப் பூட்டு வந்தது. பார்க்காமல் எழுதுகிறான் என்று பையனின் பெயரில் எழுதியிருந்த குறிப்பை அதிகாரி அங்கேயே, என் கண் முன்னால் கோடு போட்டு அடித்தார். அன்று வீட்டுக்குப் போனதும், வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. நாளைக்கு ஆறு மணிக்கு அவன் என்ன சொல்வான் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன். நன்றி சொல்வான், நான் "அட போபா" என்பேன், ஒருநாள் கடலைப் பார்க்க வாங்கண்ணே என்பான். அந்தக் கடல் மணலில் நான் நடந்துகூடப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கு போன் அடித்தது. இரைச்சல் அப்படியே இருந்தது.

"எவ்வளவுண்ணே இருக்கு?"

"நூத்திப்பத்துபா." நாக்கில் ஊறிய பழக்கம், தானாக வந்துவிட்டது.

அவன் கோபம் துளியும் இல்லாமல், பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டான்.

"கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்றீங்களாண்ணே?"

அத்தனை மாதங்களில் அவன் ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து போய் மீட்டரைப் பார்த்தேன். நூற்றேழு காட்டியது. திரும்பி வந்து சொன்னேன்.