சுண்ணாம்புக் கோடு

சிராங்கூன் ரோட்டில் இப்போது மழை வந்தால் குடையை விரித்துக்கொண்டு நடந்துபோகிறார்கள். என் சிறுவயதில், மழை வந்ததும் கடலில் ஏற்றமா இறக்கமா என்றுதான் முதலில் கேட்போம். இறக்கமென்றால் பெய்துவிட்டுப் போகட்டும். ஏற்றமென்றால் மழைத்தண்ணீர் கால்வாய் வழியே கடலுக்குப் போக முடியாமல் திரும்பிவந்து எங்கள் மாட்டுக்கொட்டகைகளுக்குள் புகுந்துவிடும். மலாய்க்காரர்கள் அதைப் பாஞ்சிர் என்பார்கள். தமிழில் வெள்ளம் என்றொரு சொல் இருப்பதையே மறந்துவிட்டு நாங்களும் பாஞ்சிர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கால்வாயை ஒட்டிய முதல் கொட்டகை எங்களுடையது. அதனால் தண்ணீரைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அப்பாவுக்கு வந்து சேர்ந்தது. மாடு குளிப்பாட்டும் படித்துறையில், கடைசிப் படியை ஒட்டி ஒரு கறுத்த மரத்தூண் நின்றது. அதில் அப்பா சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் தகரத்தைத் தட்டுவார். சத்தம் கேட்டதும் அத்தனை கொட்டகைக்காரர்களும் மாடுகளை அவிழ்த்து மேட்டுப்பக்கம் ஓட்டிப்போவார்கள். முன்னாலேயே ஓட்டிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மாடு தெருவில் நின்றால் பிடித்துக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைத்துவிடுவார்கள், மீட்டு வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆகையால் எல்லாரும் அந்தக் கோட்டை நம்பியிருந்தார்கள்.

கோடு போட்ட அன்று எனக்கு ஏழு வயது. அப்பா என்னைக் கடைசிப் படியில் நிறுத்தி, "பாத்தியா, சரியா உன் மோவாய்க்கு வருது" என்றார். ஏதோ என்னை அளவெடுத்துத்தான் கோடே போட்டதுபோல அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, கொட்டகைத் தூண்களுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி அம்மா சட்டியைக் கையில் கொடுத்தாள். அடித்து முடித்தும் சுண்ணாம்பு மிஞ்சியது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் ஆசை எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். மிஞ்சியதை எடுத்துப்போய்ப் படித்துறைத் தூணுக்கும் கை எட்டிய உயரத்திலிருந்து அடிவரை பூசிவிட்டேன். ஒதுங்கி நின்று அழகு பார்த்தபோதுதான் கோட்டின் நினைவு வந்தது. வெள்ளையோடு வெள்ளையாக அது போய்விட்டிருந்தது.

தேங்காய் நாரை எடுத்துக் கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். தூண் பழைய கறுப்புக்குத் திரும்பியது, கோடு திரும்பவில்லை. பால் ஊற்றப்போன அப்பா வருகிற நேரம். அப்போது எனக்கொரு யோசனை தோன்றியது. கடைசிப் படியில் இறங்கித் தூணோடு ஒட்டி நின்றேன். மோவாய் பட்ட இடத்தில் விரலை வைத்து, அந்த இடத்திலேயே சுண்ணாம்பால் கோடு இழுத்தேன். பழையதைவிட நேராகவே வந்திருந்தது. அப்பா எதையும் கவனிக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் காலை அடைமழை. கடலிலும் ஏற்றம். அப்பா தகரத்தோடு படித்துறையில் நின்றார், நான் அவர் பின்னால் நின்றேன். அத்தை நனைந்துகொண்டே ஓடிவந்தாள். அப்பாவின் அக்கா அவள். மாமா இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது ஒரு பசுவும் கன்றும்தான். கொட்டகை வரிசையின் கடைசியில், பள்ளத்தில் கட்டியிருந்தாள். அந்தப் பாலை விற்றுத்தான் அவள் வயிறு கழுவினாள். அதிலும் தினம் எனக்கென்று நுரையோடு ஒரு லோட்டா எடுத்துவைப்பாள்.

"தம்பி, அவுத்துரட்டா?"

"இன்னும் ஒரு கை இருக்குக்கா. பொறு" என்றார் அப்பா.

தண்ணீர் அதற்குள் மேல்படியை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உறுத்தியது. கோட்டை நான்தான் திரும்பப் போட்டேன் என்று சொல்லியிருந்தால் முதுகில் ஓர் அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த ஓர் அடிக்குப் பயந்து நின்றேன்.

கோட்டைத் தொடாமலே தண்ணீர் கரை தாண்டியது. அப்பா வெறிபிடித்தவர்போலத் தகரத்தை அடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். அத்தை பள்ளத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது பசுவுக்குக் கழுத்தளவு தண்ணீர். நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகிவிட்டிருந்தது. கட்டாமல் விட்டிருந்த கன்றைத்தான் அவளால் இழுத்துக்கொண்டு வர முடிந்தது.

தண்ணீர் வடிந்ததும் அத்தனைபேர் முன்னாலும் அத்தை கேட்டாள். "நான் வந்து கேட்டேனே தம்பி. நீதானே பொறுன்னு சொன்னே?"

"என் கண்ணு ஏமாத்திருச்சுக்கா" என்றார் அப்பா. அவர் அப்படித் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, தூணை யாராவது தொட்டீர்களா என்று பொதுவாகக் கேட்டார். அம்மா இல்லையென்றாள். நானும் தலையை ஆட்டினேன். என் மோவாய் அதே மோவாய்தானே, கோடு எப்படித் தப்பாகும் என்று மனத்துக்குள் எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் மாடுகளுக்கு யாரும் கொம்பில் வர்ணம் பூசவில்லை. அப்பா என்னைப் படித்துறைக்கு அழைத்துப்போனார். "கடைசிப் படியில நில்லு" என்றார். நின்றேன். கோடு மோவாய்க்குச் சரியாக இருந்தது. அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார். அப்படியே நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு என் தலையில் கையை வைத்து, "வளந்துட்டே" என்றார். திட்டு விழுமென்று நடுங்கியவளுக்கு அது போதாதா? ஓடிப்போய் அம்மாவிடம் அதையும் சொன்னேன்.

அதன்பிறகு தகரம் வேறொருவர் கைக்குப் போயிற்று. தண்ணீர் விஷயமாக யாரும் அப்பாவிடம் எதுவும் கேட்பதில்லை. அத்தை கன்றை விற்றுவிட்டு செம்பவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனாள். அவள் சாகும்வரை தம்பியோடு பேசவில்லை. அப்பாவும் சாகும்வரை தன் கண்ணையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

வெகுகாலம் கழித்து, என் மகளுக்கு ஏழு வயதில் தைத்த பாவாடையை ஒன்பது வயதில் எடுத்துக் கட்டிவிட்டேன். கணுக்காலில் புரண்டது இப்போது அதற்கு மேலே ஒரு கை அகலம் ஏறி நின்றது. கையில் பிடித்த நாடாவை முடிச்சுப் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என் மோவாயும் அப்படித்தானே ஏறியிருக்கும். படித்துறையில் அப்பா எதைக் கண்டுபிடித்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நேரம் அவர் பேசாமல் நின்றது, நானாகச் சொல்லுவேன் என்றுதான். நானோ, வளந்துட்டே என்று அவர் சொன்னதும், இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரியட்டுமென்று குதிகாலை எக்கிக்கொண்டு நின்றேன்.