பொட்டு வைத்த பீப்பாய்

எங்கள் ஷெட்டின் மொத்த வேலையாட்களையும் ஒரே நாளில் கொன்றது ஆயுதபூஜைதான். பயப்பட வேண்டாம், செத்தது பாக்டீரியா.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பழைய கம்ப்யூட்டர் போர்டுகளிலிருந்து தாமிரம் எடுப்பது எங்கள் தொழில். போர்டைத் தூளாக அரைத்து டேங்கில் போடுவோம். ஆசிட் தண்ணீரில் வாழும் பாக்டீரியா தாமிரத்தைக் கரைத்துக் கொடுக்கும். அதற்குச் சம்பளமும் கிடையாது, போனஸும் கிடையாது. காற்றும் கொஞ்சம் இரும்பு உப்பும் போதும். பக்கத்துக் கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் முதலாளிக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள். டேங்க் என் பொறுப்பு. பாக்டீரியா செழித்த தண்ணீர், அதாவது நல்ல கல்ச்சர், துரு நிறத்தில் கலங்கி, அடியில் சேறு தட்டிக் கிடக்கும். பார்க்க அசிங்கம்தான்.

அந்த வருஷம் பூஜை முடிந்த வாரம் ஒரு பெரிய கம்பெனி ஆள் வருவதாக இருந்தது. டேங்க் தாமிரம் கொடுப்பதை அவர் நேரில் பார்த்தால்தான் அவர்களுடைய ஸ்கிராப் எங்களுக்கு. இல்லையென்றால் ஷெட்டைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் எல்லோருடைய வேலையும் அதில்தான் தொங்கியது.

பூஜைக்கு முதல் நாள் நான் லீவு. மறுநாள் போனால் டேங்க் பளபளக்கிறது. வெளியே சந்தனம், குங்குமம். உள்ளே தெளிந்த போர் தண்ணீர், பினாயில் வாசனை.

"சார், டேங்க்ல இருந்தது எங்கே?"

"அந்தச் சாக்கடையா? இன்னா நாத்தம்! சாமி கும்புடுற எடத்துல அத வெச்சிகினு இருக்க முடியுமா? நானே நின்னு கழுவ வெச்சேன்."

"அதுதான் சார் பாக்டீரியா!"

"பாக்டீரியா கண்ணுக்கே தெரியாதுன்னு நீதானேமா சொன்னே?"

என் மேசைக்கு ஓடினேன். அவசரத்துக்கென்று அங்கே கொஞ்சம் கல்ச்சரைப் பாட்டிலில் வைத்திருந்தேன். அதையும் கழுவி சாமந்திப்பூ செருகியிருந்தார்கள். புதிதாக வாங்கி வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். வெட்கமில்லாமல் அழுதேன்.

வேலை என்றால் ஓரடி பின்னால் நிற்கும் ஃபிட்டர் சேகர் பக்கத்தில் வந்தார்.

"மேடம், சார் கைல சொல்லாதீங்க. டேங்க் வழிஞ்சா புடிக்கிற பீப்பா, கம்ப்ரஸர் பின்னாடி அப்டியே கீது. கழுவச் சொன்னாரு. எனக்கு இன்னா சோம்பலோ, மேல ஒரு பொட்ட வெச்சிட்டேன். பொட்டு வெச்சத யாரு தொடுவாங்க?"

ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். அதே துரு நிறம், அதே சேறு. சேகர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பீப்பாயிலேயே காற்றுக் குழாயை விட்டு, போர்டுத் தூளைப் போட்டோம். கம்பெனி ஆள் வந்த அன்று தண்ணீர் நீலப்பச்சையாகத் திரும்பியிருந்தது. அவர் முன்னால் ஓர் இரும்பு ஆணியை அதில் போட்டு எடுத்தேன். செம்பு பூசிக்கொண்டு வந்தது. ஸ்கிராப் எங்களுக்குக் கிடைத்தது.

"எங்க கம்பெனில சுத்தம்தான் சார் மொதல்ல," என்று முதலாளி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டேங்கைத் தேய்த்துக் கழுவியவருக்கு அந்த வருஷம் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. சேகருக்கு வழக்கம்போலத் திட்டு.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பி.எச். பார்க்கக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். அதோடு ஒரு குங்குமப் பொட்டலமும் கைவசம் வேண்டும். இப்போதெல்லாம் பூஜைக்கு முதல் நாள் நான் லீவு போடுவதில்லை. விளக்குமாறு வெளியே வருவதற்கு முன்பே போய் டேங்குக்குப் பொட்டு வைத்துவிடுகிறேன்.

"உனக்கு பக்தி ஜாஸ்திமா," என்கிறார் முதலாளி.

"ஆமாம் சார்," என்கிறேன்.