கொடியைப் பார்த்துச் சொன்ன குறை

ஆகஸ்ட் பதினான்கு, சனிக்கிழமை. எழும்பூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ராயபுரத்துக்கு எண்பது ரூபாய் கேட்டார். "ராயபுரத்துக்குப் போகணும்னு சொன்னேன், ராயபுரத்தையே விலைக்குக் கேட்கல" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சரிம்மா, நாளைக்கு சொதந்தர தினம். தேசத்துக்காக இருபது ரூபா கொறச்சிக்கறேன், குந்து."

அறுபது ரூபாய் தேசபக்தியில் ஊர் பார்த்துக்கொண்டே போனேன். எல்லைச் சண்டை ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் காகிதக் கொடி விற்றார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்களைச் சுற்றி மலைபோல நின்றன, அவற்றின் நெற்றியிலும் கொடி. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. உடன்குடியில் இருபது வருஷமாகச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கொடியேற்று உரை எப்போதும் என்னுடையதுதான். இந்த வருஷம் தம்பி செல்வத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதால் லீவு போட்டுவிட்டு, ஒரு கூடை கருப்பட்டியோடு கிளம்பி வந்திருந்தேன்.

செல்வம் ராயபுரத்தில் மொத்த மளிகை வைத்திருக்கிறான். புளி, மிளகாய், சுக்கு, கருவாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. உள்ளே நுழைந்தால் தும்மாமல் யாரும் வெளியே வர முடியாது. சாயங்காலம் கடையில் உட்கார்ந்து நான் பத்தாவது தும்மலோ என்னவோ போட்டுக்கொண்டிருந்தபோது, கன்னியம்மா வந்தாள். எண்ணூர்ப் பக்கம் காத்திவாக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து காய்ந்த இறால் கொண்டுவந்து தம்பிக்குப் போடுகிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"இன்னா அண்ணாச்சி, அக்காவா இவங்க? மூக்கு உன்னுதேதான் கீது" என்றாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இறால் விற்க வரவில்லை அவள். அவளுடைய மகன் சேகர் பட்டாளத்தில், வடக்கே பனிமலை மேல் இருக்கிறான். குப்பத்தில் போன் இல்லை. வரிசையில் நின்று அவனுக்கு முறை கிடைக்கிற சனிக்கிழமைகளில் இந்தக் கடை நம்பருக்குத்தான் பேசுவான். அன்றைக்குக் கிடைத்தது.

"நைனா! சாப்ட்டியாடா? குளுரா கீதா?" என்று கடையே அதிரக் கத்தினாள். கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கியது. "இந்த வருசம் நாந்தான்டா கொடியேத்தறேன். ஆனா கொறை சொல்லக் கூடாதாம். பாபு வந்து சொல்லிட்டுப் போச்சி. சொல்லட்டுமா, வேணாமா? நீ சொல்லுடா." அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி போய்விட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்வம்தான் விளக்கினான். அந்தக் குப்பத்தில் ஒரு பழக்கம். சுதந்திர தினத்தன்று யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். கொடி ஏற்றுகிறவர், ஏற்றி முடித்ததும், அந்த வருஷத்துக் குறை ஒன்றைக் கொடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம். இந்த வருஷக் குறை முகத்துவாரம். கழிமுகத்தில் மணல் தூர்ந்து, கட்டுமரங்கள் கவிழ்கின்றன. கன்னியம்மாவின் புருஷனுக்கு அப்படிக் கவிழ்ந்துதான் கால் முறிந்தது. தூர் வார வேண்டிய துறையின் அதிகாரியையே நாளைக்கு அழைத்திருக்கிறார்கள். அழைத்துவருகிற பாபு, அதே குப்பத்தில் பிறந்த கட்சிக்காரன், 'எல்லையில பசங்க செத்துகினு இருக்கறப்ப கவர்மென்ட்ட கொறை சொன்னா தேசத்துரோகம். ஆபீசரும் கோச்சிக்குவாரு, தூர் வார்ற மெஷினும் வராது' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"அவன் சொல்றது சரிதானலே" என்றேன். "வீட்ல விசேஷத்தன்னைக்குக் கூரை ஒழுகுதுன்னு ஒப்பாரி வைப்பாளுவளா? மத்த நாள் எல்லாம் எங்க போச்சு?"

"நாளைக்கு வந்து பாருக்கா. சும்மா பேசிக்கிட்டே கெடக்காத" என்றான்.

ஞாயிறு காலை. ராயபுரத்திலிருந்து பஸ் டிக்கெட் மூன்றரை ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். வலது பக்கம் கடல், இடது பக்கம் எண்ணெய்க் கம்பெனிச் சுவர்கள். சாலையை அலை தின்னாமலிருக்கப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அப்படியும் சில இடங்களில் கடித்துத்தான் வைத்திருக்கிறது. திருவொற்றியூர்க் கோபுரம் வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் எண்ணெய் நாற்றம் போய்க் கருவாட்டு வாசம் வந்தது. என்னைப் போன்ற கடற்கரைப் பிள்ளைக்கு அது வீட்டு வாசம். மூச்சை நன்றாக இழுத்துவிட்டேன்.

குப்பத்து மணலில் சவுக்குமரம் ஒன்றை நட்டு, வலைக்கயிற்றில் கொடியைக் கட்டியிருந்தார்கள். கட்டுமரங்களுக்கு மஞ்சள் குங்குமம். பிளாஸ்டிக் நாற்காலியில் அதிகாரி, பக்கத்தில் கரைவேட்டியில் பாபு. கன்னியம்மா அரக்குப் பட்டில், ஈரத்தலையோடு வந்து நின்றாள். பாபு அவள் காதருகே போய், "யக்கா, சொன்னது ஞாபகம் கீதுல்ல? சும்மா ஜெய்ஹிந்த் சொல்லிட்டு வந்துடு" என்றான். அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை.

கயிற்றை இழுத்தாள். கொடி உச்சிக்குப் போய் அவிழ்ந்து, உள்ளே வைத்த சாமந்தி உதிர்ந்தது. கடல்காற்றில் கொடி அடித்த சத்தம் இருக்கிறதே, எங்கள் பள்ளி மைதானத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. எல்லாரும் பாடி முடித்தார்கள். பாபு கை தட்டத் தொடங்கினான். யாரும் கூடத் தட்டவில்லை.

கன்னியம்மா நாற்காலிக்காரர்களுக்கு முதுகைக் காட்டி, கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

"மொகத்துவாரம் தூந்து போச்சி. வருசக்கணக்கா கேக்கறோம். என் வூட்டுக்காரரு காலு அங்கதான் போச்சி. போன மாசம் இன்னும் ரெண்டு மரம் கவுந்துச்சி. எம்புள்ள உன்னியத்தான் அங்க காவல் காத்துகினு கீறான். நேத்து கேட்டேன், சொல்லட்டுமாடா வேணாமாடான்னு. 'இன்னாமா இது, நான் இங்க பனில நிக்கறது நீ வாயத் தொறக்கக் கூடாதுன்றதுக்கா?'ன்றான். அதான் சொல்றேன். தூர் வாரிக் குடுக்கச் சொல்லு. அவ்ளோதான்."

குரல் ஆணி அடித்தது போல அசையாமல் நின்றது. பிறகு சல்யூட் வைத்து "ஜெய்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை, தொண்டை உடைந்துவிட்டது. "ஹிந்த்" என்பதைக் குப்பமே சேர்ந்து முடித்தது. நான் அழுதேன். வெட்கமென்ன, நன்றாகவே அழுதேன்.

பாபு தலையில் கை வைத்துக்கொண்டான். அதிகாரி முகம் சிவந்து எழுந்தார். கூட்டத்தைப் பார்த்து ஏதோ தொடங்கப் போனவரை, "சார், கொடியப் பாத்து! கொடியப் பாத்துதான் பேசணும்!" என்று பெண்கள் மறித்தார்கள். அவர் தயங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியில் திரும்பிக் கொடியைப் பார்த்து நின்றார்.

"நானும் மேலே எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "மெஷின் இல்லை என்று பதில் வருகிறது. மெஷின் இருக்கிறது. வேறிடத்தில் சும்மா நிற்கிறது. கேட்டால் ஃபைல் நகரவில்லை என்கிறார்கள்."

"அய்ய, ஆபீசரே கொறை சொல்றாருடோய்!" என்று ஒருவர் கூவ, சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமாயிற்று. அதிகாரியும் சிரித்தார். அதன்பிறகு மணலிலேயே இலை போட்டு இறால் தொக்கும் சோறும். பாபுவும் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

கன்னியம்மாவிடம் கேட்டேன்: "அவர் கோபிச்சுக்கிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஆபீசரு இன்னிக்கி கீறாரு, நாளிக்கி மாத்திட்டுப் போயிடுவாரு. அவராண்டையா நான் சொன்னேன்? கொடி எங்க போவும் அக்கா? இன்னுங்கொஞ்சம் தொக்கு போட்டுக்க."

அடுத்த சனிக்கிழமை இரவு எனக்கு ரயில். அந்த ஒரு வாரமும் எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே வருஷக்கணக்காக ஒழுகுகிறது. அதைப் பார்த்தபடியே கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, என் உரையையும் முடித்து, ஒன்பது மணிக்குள் கேட்டைப் பூட்டிவிடுவோம். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைத்தான் நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கடையிலேயே உட்கார்ந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கன்னியம்மா ஸ்டூலில் தயாராக இருந்தாள். "அளக்க வந்தாங்கடா நைனா! மெஷின் இன்னும் வர்ல. ஆனா கோல் வச்சி அளந்துகினு போனாங்க. ஆபீசரும் கூட வந்தாரு, பேன்ட்ட மடிச்சிகினு தண்ணில எறங்கினாரு!" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, ரிசீவரை என் கையில் கொடுத்தாள். "அன்னிக்கி நடந்தத அண்ணாச்சி அக்காவாண்ட கேளு, நான் சொன்னா நம்பமாட்ட."

இரைச்சலுக்கு நடுவே ஓர் இளம் குரல். "அக்கா, நீங்க கூட இருந்தீங்களாமே. கொறை சொல்றப்ப அம்மா கொரலு நடுங்கிச்சா?"

"இல்ல தம்பி" என்றேன். "அப்ப நடுங்கல. ஜெய்ஹிந்த் சொல்றப்பதான் உடைஞ்சிட்டு."

"அம்மாவாண்ட குடுங்கக்கா" என்றான். நான் ரிசீவரை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.