சின்னத்தம்பி வீட்டு அடுப்பு

செந்தமிழ்ச்செல்வியின் அப்பா கொளஞ்சியப்பன் சாகும்போது சொத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசுவதற்குச் சொத்தும் இல்லை. ஆயுசு முழுக்க அடுத்தவர் கரும்பை வெட்டிய மனுஷன். கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டுக் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். குலசாமிக்கு ஒரு பொங்கல் வைக்காமலே போறேனே என்று. கண்டுபிடித்து உன் பேரில் ஒரு பானை நான் வைக்கிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். புலம்பலை நிறுத்தட்டும் என்றுதான் கொடுத்தாள். அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாக்கு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

குலசாமி எது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கொளஞ்சியப்பனின் அப்பா மாயவன், கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் ஏற்றி வந்த வண்டிகளுக்குப் பின்னாலேயே நடந்து, சின்னப் பையனாக எலவனாசூர்கோட்டைக்கு வந்தவராம். எந்த ஊர் என்று கேட்டால் மேற்கே கை நீட்டுவாராம், அவ்வளவுதான். மேற்கே மலை அது பாட்டுக்கு நீளமாகக் கிடக்கிறது, அதில் எங்கே போய்த் தேடுவது? அதனால் காதுகுத்தோ கல்யாணமோ, ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து அதையே சாமி என்று கும்பிட்டார்கள். செந்தமிழ்ச்செல்வியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்து, மிச்சக் கல்லையும் கொண்டுவந்தால் ஒரு சுவர் எழுப்பலாமே என்று சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த மாமியார் சாகும்வரை அவள் அதற்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டே இருந்தாள். அது வேறு கதை.

அப்பாவும் போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். புருஷன் எப்போதோ போய்விட்டார். மகன் செழியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். தாத்தாவை எடுத்ததை வீடியோ காலில்தான் பார்த்தான். ஒற்றை ஆளுக்குச் சமைப்பதைப் போலச் சலிப்பு பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. ஒரு கத்தரிக்காயை அரிந்தால் பாதி மிஞ்சுகிறது. குழம்பு நன்றாக இருந்தாலும் கேட்க ஆளில்லை, தீய்ந்து போனாலும் திட்ட ஆளில்லை. எத்தனை நாளைக்குத்தான் டிவியோடு சண்டை போடுவது? சரி, சாமியையாவது தேடுவோம் என்று கிளம்பினாள்.

மகனிடம் சொன்னபோது அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல? எங்கப்பா வூட்டு சாமிதான் ஒனக்கும் சாமி. அது பத்தாதா?"

"பத்தலடா" என்று போனை வைத்துவிட்டாள்.

முதலில் ஒரு ஜோசியரிடம் போனாள். அவர் சோழியை உருட்டி, கடலோரத்தில் ஒரு அம்மன் என்றார். மலையிலிருந்து வந்தவருக்குக் கடலோரத்தில் எப்படிச் சாமி இருக்கும் என்று கேட்டாள். சாமி எங்கே வேண்டுமானாலும் இருக்கும் என்றார். அப்படியானால் என் அடுப்படியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த தெருவில் இருந்த பத்திர எழுத்தர்தான் உருப்படியாக ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்துப் பத்திரங்களில் வாங்குகிறவரின் அப்பா பேரையும் பூர்வீக ஊரையும் விடாமல் எழுதுவார்களாம். மாயவன் எலவனாசூர்கோட்டையில் குடிசை போட வாங்கிய மனையின் பத்திரத்தைக் கரையான் தின்று பல காலம் ஆகிவிட்டது. ஆனால் பதிவு செய்ததற்கு நகல் இருக்கும் அல்லவா? மனுப் போட்டு, சில முறை நடந்து, வாங்கிக்கொண்டு வந்தாள். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. எழுத்தர்தான் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்துக் காட்டினார். கடுக்காம்பாறைக் கிராமம் சின்னத்தம்பி குமாரர் மாயவன்.

கடுக்காம்பாறை மலையடிவாரத்தில் இருக்கிறது. கச்சிராயபாளையம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோக்காரன் இறக்கிவிட்ட இடத்தில் நாய்கூட இல்லை. கோயில் காரியங்களைப் பார்க்கும் பழனி என்பவர் மரவள்ளிக் கொல்லையில் இருந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷர். பத்திர நகலைக் காட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. வேறு ஒன்று கேட்டார்.

"ஒங்க வூட்டுல படையல் எலைய எப்பிடிம்மா போடுவாங்க?"

"தேக்கு எலையில போடுவோம். குப்புற."

அப்பா வீட்டில் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகிப் போன இடத்தில் அவள் அப்படிப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பழனி மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, "வா, தாயி" என்று கூட்டிக்கொண்டு போனார்.

இலுப்பை மரத்தடியில் கூரையில்லாத பாறையம்மன். அம்மனுக்கு எதிரே வரிசையாக அடுப்புகள். பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று கல். ஆடிப் பொங்கலுக்கு அவரவர் வீட்டுப் பானை அவரவர் கல்லில்தான் ஏறும். எல்லாக் கல்லும் கரியேறிக் கிடக்க, நடுவில் மூன்று கல் மட்டும் வெளுத்து, புல் முளைத்துக் கிடந்தது. அதுதான் சின்னத்தம்பி வீட்டு அடுப்பு என்றார் பழனி. மாயவன் ஆடு மேய்த்த பையனாம். ஒரு ஆட்டைத் தொலைத்துவிட்டு, அப்பன் அடிப்பானே என்று பயந்து வண்டிகளோடு போய்விட்டானாம். அவன் அம்மா சாகும்வரை வருஷா வருஷம் வந்து, அந்தக் கல்லைக் கழுவிவிட்டு, பற்றவைக்காமல் போவாளாம். ஆளைப் பற்றிச் சேதி தெரியாமல் அடுப்பைக் கலைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் அத்தனை வருஷமும் அந்த இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு ஆட்டுக்காக ஒரு வம்சமே செங்கல்லைக் கும்பிட்டதா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. ஆடிக்கு வந்துவிடு, உங்கள் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வா என்றார் பழனி. கூட்டிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி விடிந்ததும் புதுப் பானை, சாமை, மொச்சை, வெல்லம் எல்லாம் கட்டிக்கொண்டு போய் இறங்கினாள். அவள் போவதற்குள் பாதி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நேராகப் போய் அந்த மூன்று கல்லின் முன் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினாள். பழனியின் பெண்டாட்டி பெரியம்மாள் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நீ இந்த வூட்டுல பொறந்த பொண்ணும்மா. கட்டிக் குடுத்தாச்சு. இங்க மருமவளுங்கதான் பான வெக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. வெந்நீர் கொதிக்கிறது, தொடாதே என்பது போலச் சொன்னாள். பொறந்த பெண் வரலாம், கும்பிடலாம், வயிறாரச் சாப்பிடலாம், பற்றவைக்கத்தான் கூடாது. அப்பா பேரில் வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததை அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். யாரும் நகர்ந்து வழிவிடவில்லை.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. பழனியின் தம்பி பேரன் தமிழழகன் அந்த வருஷம்தான் கல்யாணம் கட்டித் தனிக்குடித்தனம் போயிருந்தான். அவனுக்கு அடுப்பு போட வரிசையில் இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடை. பழனி எல்லோர் முன்னாலும் அவளிடம் கேட்டார்.

"ஒங்கப்பாவுக்கு ஆம்பள வாரிசு யாராச்சும் இருக்குதாம்மா?"

இல்லையென்றால் இன்றைக்கே தேங்காய் உடைத்து, கல்லைப் பெயர்த்து, இடத்தைத் தமிழழகனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அதுவும் மரியாதையாகத்தான் செய்வார்களாம். தமிழழகனின் பெண்டாட்டி பானையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

செந்தமிழ்ச்செல்வி கல்லைப் பார்த்தாள். சேதி இல்லாதவரை இந்த இடம் இருந்தது. சேதி கொண்டுவந்தது அவள்தான். வீட்டிலேயே கிடந்திருந்தால் இன்னும் நூறு வருஷத்துக்கும் இது சின்னத்தம்பி வீட்டு அடுப்பாகவே இருந்திருக்கும். அவளுக்கு வாய் நீளமே தவிரப் பொய் வராது. ஊரில் அவளுக்கு ஆகாதவர்கள்கூட அதை ஒத்துக்கொள்வார்கள்.

"ஒரு தம்பி இருக்கான்" என்றாள்.

பழனி புருவத்தைத் தூக்கினார். "மொத தடவ வந்தப்ப சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே."

பேர் கேட்டார்கள். இளஞ்செழியன் என்று வாயில் வந்தது. எங்கே இருக்கிறான் என்றார்கள். சிங்கப்பூர். கல்யாணமா? பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் மருமகள் வரட்டும், வந்து பற்றவைக்கட்டும், அதுவரை கல் கிடக்கட்டும் என்று பழனி முடித்துவிட்டார். தமிழழகனை இன்னும் கொஞ்ச காலம் அவன் அப்பன் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அவன் பெண்டாட்டி பானையை நங்கென்று இறக்கினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

கொண்டுவந்த சாமையைப் பெரியம்மாள் வாங்கித் தன் பானையில் போட்டுக்கொண்டாள். வேலை எதுவும் இல்லாமல் செந்தமிழ்ச்செல்வி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை அடுப்பு எரியும் இடத்தில் ஒரு கரண்டிகூடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பச்சையம்மாள் என்று ஒருத்தி, கொஞ்சம் வாயாடி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து தம்பியைப் பற்றித் துருவினாள். செந்தமிழ்ச்செல்வியும் சொன்னாள். போனில் பேசும்போதே இன்னொரு போனை நோண்டுவான். சாப்பிட்டியா என்று கேட்பான், பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். கருவாடு என்றால் உயிரை விடுவான். யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவளுக்குப் பாதியில்தான் உறைத்தது. அப்புறமும் நிறுத்தவில்லை.

"அப்பன் சாவுக்குக்கூட வரலியா? இன்னா புள்ள அவன்?" என்றாள் பச்சையம்மாள்.

"லீவு குடுக்கல. போன்ல பாத்துக்கினே அழுதான். அவனப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்? வாய மூடு."

பச்சையம்மாள் எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் யாரும் அவள் பக்கம் வரவில்லை.

படையல் முடிந்து பரிமாறினார்கள். எல்லோருக்கும் பெரியம்மாள் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்து, அவளுக்கு விபூதி மட்டும் கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு பொட்டலத்தை நீட்டினாள். தேக்கு இலையில் கட்டிய பொங்கல்.

"தம்பி பங்கு. சிங்கப்பூரு போறதுக்குள்ள ஊசிப் பூடும். நீயே தின்னுடு."

அவள் முகத்தைச் செந்தமிழ்ச்செல்வி உற்றுப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மாள் அதற்குள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

கச்சிராயபாளையத்தில் பஸ் வர நேரமானது. நிழற்குடையில் உட்கார்ந்து, புதுப் பானையைக் காலடியில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்தாள். பசி இல்லை. ஆனாலும் தம்பி பங்கை மிச்சம் வைக்க மனசு வரவில்லை.