கண்டக்டர் பை

கொழுந்தன் கல்யாணத்துக்குத் தாலியை எடுத்துப்போகும் பொறுப்பு எனக்கு. அதற்கென்றே ஒரு பை வாங்கினேன். நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டினால் ஜிப் உடம்போடு ஒட்டியிருக்கும்.

"ஏத்தா, கண்டக்டர் பையாட்டம்ல இருக்கு! விசில் ஒண்ணுதான் குறைச்சல்," என்று மாமியார் சிரித்தார். தன் பளபளப்பான தோள்பையில் தாலியை வைக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன்.

சின்னமனூரில் ஏறிய பஸ்ஸில் அப்படியொரு நெரிசல். தேனியில் இறங்கியபோது அவருடைய பை பிளேடால் கிழிபட்டிருந்தது, பர்ஸைக் காணோம்.

"தாலி இதுல இருந்திருந்தா பொண்ணு வீட்டுக்காரக முகத்துல எப்படித்தா முழிக்கிறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது, இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதுவரை தொட்டதே இல்லாத சாவி.

"இதுவும் உன் பையிலயே இருக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் நான் விசில் அடிக்காததுதான் குறை.