நான் மலிவாக விற்ற வெளிநாடுகள்

டூர் ஏஜென்ட் வேலை என்பது, டாலரும் வானிலையும் தன் பேச்சைக் கேட்காது என்று தெரிந்த ஒருத்தி, இரண்டுக்கும் சேர்த்து ரசீது போட்டுக் கொடுக்கும் வேலை. வடசென்னையில், திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் பல வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். விசா வேலைகளைப் பார்க்க தண்டையார்பேட்டை ஜாபர் பாய் என்னோடு இருக்கிறார். பெட்டியெல்லாம் கட்டிவைத்த பிறகு டி.வி.யில் ஏதோ செய்தியைப் பார்த்து ஏஜென்டுக்குப் போன் போட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதே செய்தியை உங்களுக்கு அரைமணி நேரம் முன்னால் பார்த்துவிட்டு அந்தப் போனுக்காகக் காத்திருப்பவள் நான்.

தடைக்காலத்து டாலர்

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு சீசன் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் சூடுபிடிக்கும். விசைப்படகுகள் இரண்டு மாதம் கரையில் நிற்கும். படகுக்காரர்களுக்கு ஊர் சுற்ற அதை விட்டால் வேறு நாள் கிடையாது. காசிமேட்டில் படகு வைத்திருக்கும் தேசிங்கு, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு மனைவியை ஐந்து நாள் சிங்கப்பூர் கூட்டிப் போகப் பணம் கட்டினார். பாதி அப்போது, பாதி பிறகு, அன்றைய டாலர் விலைக்கு. அந்தப் 'பிறகு'வுக்குள் டாலர் ஏற ஆரம்பித்தது. ஒரு வாரம் பொறுங்கள், இறங்கும் என்று சொன்னது நான்தான். இறங்கவில்லை. இன்னொரு வாரம் பொறுக்கச் சொன்னேன். இன்னும் ஏறியது.

தள்ளிப்போடவும் வழியில்லை. தடை முடிந்தால் படகு கடலுக்குப் போயாக வேண்டும். அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். புதுச் செருப்புகூட வாங்கிவிட்டார். கடைசியில் ஐந்து நாளை மூன்று நாளாக வெட்டினோம். தேசிங்கிடம் அதைப் போனில் சொன்னேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் கேட்டது இதுதான்: "கடல்ல காத்து மாறுனா கண்ணுக்குத் தெரியும் மேடம். இந்த டாலரு மாறுறது எங்க நின்னு பாத்தா தெரியும்னு சொல்லு, தெனிக்கும் போய் நிக்கிறேன்."

மார்ச் மாதத்து மலைக்காற்று

ஆலைப் புகை சூழ்ந்த மணலி புதுநகரில் இருக்கும் செந்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் மகளுக்கு ஒன்பது வயது, வீசிங். ஒரு வாரமாவது நல்ல காற்று இருக்கும் ஊரில் பிள்ளையை வைத்திருக்க வேண்டும் என்றுதான் அவர் என்னிடம் வந்தார். மார்ச் மாதம், வடக்குத் தாய்லாந்தில் ஒரு மலை நகரம், பாதி விலைக்கு ஓட்டல். ஏன் பாதி விலை என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

அவர்கள் போய் இறங்கிய மறுநாள் காலை செந்தில் வீடியோ காலில் வந்தார். ஜன்னலைக் காட்டி, மலை எங்கே என்று கேட்டார். வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்போல இருந்தது. அறுவடை முடிந்த வயல்களுக்குத் தீ வைக்கிற மாதமாம்; காடும் சேர்ந்து எரிகிறதாம். அங்கிருக்கிறவர்களே ஊரைவிட்டுப் போகிற சமயத்தில் நான் ஒரு குழந்தையை அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் மருத்துவமனையிலிருந்து படம் வந்தது. குழந்தையின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

தெற்கே கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்விடலாம் என்று பார்த்தால் எல்லா விமானமும் நிரம்பிவிட்டது. ஜாபர் பாய் ஒரு போனிலும் நான் ஒரு போனிலுமாக அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளைக்கு மூன்று சீட் கிடைத்தது. கடற்கரைக்குப் போன இரண்டாம் நாள் குழந்தை இட்லி கேட்டு அழுததாகச் செய்தி வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊர் திரும்பிய செந்தில் நேரே ஆபீசுக்கு வந்தார். எதற்கும் தயாராக எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "பொகைய வுட்டு ஓடணும்னுதான் மேடம் பாஸ்போர்ட்டே எடுத்தேன். அது எங்களுக்கு மின்னாடியே போய் அங்க ஒக்காந்துகினு இருந்துச்சு."

வரிசையில் ஒரு வேன்

இலங்கை ரூபாயின் மதிப்பு விழுந்த வருஷம், நட்சத்திர ஓட்டல் எங்களுக்கு லாட்ஜ் வாடகைக்குக் கிடைத்தது. வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நூர் பாய், குடும்பத்தோடு பன்னிரண்டு பேராகக் கிளம்பினார். கூட நானும் போனேன். இறக்குமதிக்கு டாலர் இல்லாமல் அங்கே நாடு முழுக்க டீசல் தட்டுப்பாடு. மலைப்பகுதியில் இருந்த கடைசி நாளில் டிரைவர், வண்டியில் இருக்கும் டீசல் கொழும்புவரை வராது என்றார். மறுநாள் மத்தியானம் விமானம். பங்க்குக்குப் போனால், வரிசையின் முனை கண்ணுக்கெட்டவில்லை. லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் இரண்டு நாளாக அங்கேயே இருக்கிறார்களாம்.

சுற்றுலா வண்டி என்று பார்த்ததும் போலீஸ்காரர் முன்னால் போகச் சொன்னார். வேன் நகர்ந்தது. யாரோ பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்கள். பிறகு பல கைகள். உள்ளே நூர் பாயின் மனைவி பேத்தியை மடியில் அமுக்கிக்கொண்டார். நூர் பாய், வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். விமானத்தை விட்டுவிடுவோம் என்று நான் கத்தினேன். நடுவில் மாட்டிய டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது வரிசையிலிருந்த ஒரு லாரிக்காரர் வந்து, தட்டியவர்களை விலக்கினார். இவர்கள் செலவு செய்கிற காசு வந்தால்தான் நமக்கு அடுத்த கப்பலில் டீசல் வரும், போகவிடுங்கள் என்றார். கூட்டம் முனகிக்கொண்டே வழிவிட்டது. டீசல் கிடைத்தது, விமானமும் கிடைத்தது. நூர் பாய், விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது சொன்னார்: "சீப்பா கீதேன்னு வந்துட்டோம்மா. எவன் வயித்துல அடிச்சி சீப்பாச்சுன்னு ஒரு வார்த்த கேக்காம வந்துட்டோம்."

பினாங்கிலிருந்து ஒரு கேள்வி

இது தலைகீழாக நடந்தது. பினாங்கில் இருக்கும் ஒரு ஏஜென்ட், தாத்தா பிறந்த ஊரைப் பார்க்க விரும்பிய மலேசியத் தமிழர்கள் பதினெட்டுப் பேரைத் திருவொற்றியூருக்கு அனுப்புவதாக இருந்தார். எங்களுக்கு அந்த வருஷத்தின் பெரிய குரூப். அதற்குள் புயல் மழை. வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கலந்து, பக்கத்திலிருக்கும் எண்ணூர் முகத்துவாரம் கறுத்துக் கிடந்த படம் அங்கேயும் போய்விட்டது. அவர் போனில் கேட்டது ஒரே கேள்வி: வயதானவர்கள் வருகிறார்கள், காற்று எப்படி இருக்கிறது, அனுப்பலாமா?

ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்தியும் டீசல் வாடை மேஜைவரை வந்திருந்தது. இரண்டு நாளாக எனக்கே தலைவலி. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மாஸ்க்கோடு கிடந்த செந்திலின் மகள் ஞாபகம் வந்தது. இப்போது அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்தேன். அந்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜாபர் பாய் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பதினெட்டுப் பெயர் இருந்த தாளை மடித்து டிராயரில் போட்டார். அவர் வீட்டில் மூன்று நாளாக எல்லோருக்கும் இருமல் என்பது எனக்குத் தெரியும். மெதுவாகக் கேட்டார்: "அவங்க வேணான்னா கேன்சல் பண்ணிகிறாங்கம்மா. இங்கயே கீற நம்ப இன்னாத்த கேன்சல் பண்றது?"

இப்போதெல்லாம் யாராவது வந்து எந்த நாடு மலிவு என்று கேட்டால், ஏன் மலிவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பாதிப்பேர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஏலகிரிக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள்.